சரக்குக்குச் சில்லு: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?



சில மாதங்களாக நம் சங்கக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிபட்டுக் கொண்டிருக்கிறது. ரேடியோ அலையில் இயங்கும் சில்லு ஒன்றைச் சரக்கில் ஒட்டிவிட்டால் போதும், எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துவிடும், இருப்பு எடுக்கக் கடையை அடைக்க வேண்டாம், கணக்குப்பிள்ளையும் வேண்டாம் என்று பையைத் தூக்கிக் கொண்டு வருகிற விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். கட்டுமானச் சரக்கு விற்கிற நம் உறுப்பினர்களிடம், "பெரிய கம்பெனிகள் எல்லாம் மாறிவிட்டன, நீங்கள் மாறாவிட்டால் பின்தங்கிப் போவீர்கள்" என்று கொஞ்சம் பயமும் காட்டுகிறார்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஏரிக்கரையில் பிழைக்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆழம் இருக்கிறது என்று கேள்விப்பட்டே கரையில் நின்று விடுவதும் பிழைப்புக்கு ஆகாது. ஆகவே இந்தச் சில்லு விஷயத்தை நம் கடைக் கணக்கை வைத்தே ஆராய்ந்து பார்ப்போம்.

நம் கடையும் நம் சரக்கும்

பழவேற்காட்டில் நம்மில் பலருடைய கடை பெயருக்குத்தான் மளிகை. முன்பக்கம் அரிசி, பருப்பு, எண்ணெய். பக்கத்துக் கொட்டகையில் சிமெண்ட், கட்டுக்கம்பி, ஆணி, நைலான் கயிறு, தகர ஷீட். மீன் நன்றாகப் பட்ட மாதத்தில் குப்பத்து மக்கள் வீட்டுக்கு ஒரு சுவர் எழுப்புவார்கள். வலை வெறுமையாக வந்தால் அந்தச் சுவர் பாதியில் நிற்கும். ஆகையால் நம்மிடம் சிமெண்ட் ஒரே வேகத்தில் விற்பதில்லை. ஒரு மாதம் மூட்டை போதாது. அடுத்த இரண்டு மாதம் அடுக்கு அப்படியே நிற்கும்.

இந்தச் சரக்கு நம்மிடம் வந்து சேரும் வழியையும் பாருங்கள். ஆலையிலிருந்து மொத்த வியாபாரியின் கிடங்கு. அங்கிருந்து பொன்னேரி, மீஞ்சூர் வழியாக நம் கொட்டகை. கொட்டகையிலிருந்து மினி லாரியிலோ மாட்டு வண்டியிலோ குப்பத்து வீடு. ஏரிக்குள் ஆந்திர எல்லையில் இருக்கிற இருக்கம் தீவு போன்ற இடங்களுக்கு என்றால் படகு ஒன்றும் கூடுகிறது. சரக்கு கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு எண்ணிக்கை, ஒரு கையெழுத்து. சீட்டு மழையில் நனைந்தால் கணக்கும் நனைந்து போகிறது.

நமக்கு நேர்ந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் 200 மூட்டை சிமெண்ட் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து இறக்கினோம். கொட்டகையில் முன்பே கொஞ்சம் இருந்தது. கூலியாட்கள் இடம் பார்த்து அடுக்கினார்கள். குப்பத்தில் தளம் போடுகிற ஒரு குடும்பத்துக்கு 60 மூட்டை அனுப்பினோம். தளம் போடும் நாள் காலையில் கொத்தனார் மூட்டையைப் பிரித்தால் 14 மூட்டையில் கட்டி தட்டிக் கிடக்கிறது. கலவை இயந்திரம் வாடகைக்கு வந்து நிற்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், அந்த வீட்டுப் பெண்மணி, "அண்ணாச்சி, இது எங்க தலைக்கு மேலே நிக்கப் போற தளம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். உடனே மாற்று மூட்டை அனுப்பினோம். நஷ்டம் நம்முடையது.

மொத்த வியாபாரியைக் கேட்டால், "நான் கொடுத்தது புதுச் சரக்கு, பழசு உங்கள் கொட்டகையில் இருந்தது" என்கிறார். இல்லை என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆமாம் என்று ஒப்புக் கொள்ளவும் ஆதாரம் இல்லை. அவர் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. எந்த மூட்டை எந்த லோடில் வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சிமெண்ட் உப்பைப் போல வருஷக் கணக்கில் கிடக்கிற சரக்கு இல்லை. கிடங்கில் 3 மாதம் இருந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவும், 6 மாதம் இருந்தால் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு வலுவும் குறையும் என்பது கட்டடப் பொறியியல் பாடப் புத்தகக் கணக்கு. ஏரிக் காற்றின் ஈரத்தில் இன்னும் விரைவாகவே கெடும். கட்டி தட்டாத பழைய சிமெண்ட் கண்ணுக்குத் தெரியாமல் தளத்துக்குள் போய்விடுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியையும் அதற்குப் பின் வந்த புயல்களையும் கண்ட கடற்கரை இது. இங்கே தளத்தின் வலு குறைந்தால் அது ஒரு குடும்பத்தின் உயிர்ப் பிரச்சனை. ஆகவே சரக்கின் வயதும் வழியும் தெரிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்குச் சில்லுதான் வழியா என்பதுதான் கேள்வி.

சில்லு என்பது என்ன?

ஆர்.எப்.ஐ.டி. என்று சொல்லப்படும் இந்தச் சில்லு நமக்கு அடியோடு புதியதல்ல. லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பாஸ்டேக் அதுதான். செங்குன்றத்திலிருந்து தச்சூர் வழியாக நமக்கு அரிசி ஏற்றி வரும் லாரி நல்லூர் சுங்கச் சாவடியைத் தாண்டும்போது, மேலே இருக்கிற கருவி ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையின் சக்தியிலேயே சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. சில்லுக்குள் பேட்டரி கிடையாது. 2021 பிப்ரவரி நடுவில் இது எல்லா வண்டிக்கும் கட்டாயம் ஆயிற்று. ஒட்டாதவர்கள் இரட்டிப்புக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததை லாரி வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சோப்புக் கட்டியில் இருக்கிற கோடு கோடான பார்கோடைக் கருவிக்கு நேரே காட்டினால்தான் படிக்கும், அதுவும் ஒவ்வொன்றாக. சில்லை நேரே காட்ட வேண்டியதில்லை. சில மீட்டர் தூரத்தில் கருவி இருந்தாலே ஒரே நேரத்தில் பல சில்லுகளைப் படித்துவிடும்.

நமக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பாருங்கள். அதன் விரிவாக்கம் குறித்து மீனவ மக்கள் எழுப்பும் அச்சம் தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். இங்கே சரக்கை மட்டும் பேசுகிறோம். கண்டெய்னர்களில் சில்லு பொருத்தி, அவை எந்தச் சாவடியை, எந்தக் கிடங்கைத் தாண்டின என்று உரிமையாளர் பார்த்துக் கொள்ளும் ஏற்பாட்டை மத்திய அரசின் துணையோடு 2016ல் மும்பை ஜவாகர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கினார்கள். பின்னர் காட்டுப்பள்ளி உள்பட தென்னகத் துறைமுகங்களுக்கும் அது வந்தது. பல சிமெண்ட் ஆலைகளில் லாரி உள்ளே நுழைவதும், எடை போடுவதும், ஏற்றுவதும், வெளியேறுவதும் இப்படிப்பட்ட சில்லு வழியாகவே பதிவாகின்றன. பெரிய கட்டுமானங்களில் வார்ப்புத் துண்டுகள், குழாய்கள், கருவிகள் ஆகியவற்றிலும் சில்லு வைக்கிறார்கள்.

ஆக, கடல் தாண்டி வருகிற கண்டெய்னர் எங்கே என்று தெரிகிறது; ஆலை வாசலைத் தாண்டும் வரை சிமெண்ட் எங்கே என்றும் தெரிகிறது. அதற்குப் பிறகு, பொன்னேரியிலிருந்து நம் கொட்டகைக்கு வருகிற அந்தக் கடைசி வழியில்தான் கண் கட்டிவிட்டது போல் ஆகிறது. வெளி மாநிலச் சரக்குக்கு 2018 ஏப்ரலிலும் தமிழகத்துக்குள் அதே ஆண்டு ஜூனிலும் ஈ-வே பில் வந்தது உண்மைதான். 2021 முதல் பாஸ்டேக் பதிவையும் அதனோடு இணைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழகத்துக்குள் ஒரு லட்ச ரூபாய் வரை அந்தச் சீட்டுத் தேவையில்லை. மூட்டை 350 ரூபாய் என்று வைத்தாலும் 200 மூட்டை 70,000 ரூபாய்தான். நம்முடைய லோடுகளில் பல அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. வருகிற லோடும் அதிகாரியின் கண்ணுக்குத்தான் தெரிகிறது, நமக்குத் தெரிவதில்லை.

மூட்டைக்கு மூட்டை ஒட்டினால் கட்டுமா?

விற்பனையாளர் சொல்கிறபடி மூட்டைக்கு ஒரு சில்லு ஒட்டினால் என்ன ஆகும்? சாதாரண ஒட்டுச் சில்லு ஒன்றின் விலையே சில ரூபாய். ஒரு மூட்டை சிமெண்டில் நமக்கு நிற்கிற லாபமும் சில ரூபாய்தான் என்பதை நமக்குள் மறைக்க வேண்டியதில்லை. மூட்டையைப் பிரித்ததும் சில்லு காலிப் பையோடு குப்பைக்குப் போகிறது. முதலுக்கே மோசம்.

விலை போகட்டும் என்றால் இயற்கையும் தடுக்கிறது. இரும்பு இந்த அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீரும் ஈரமும் அதை விழுங்கும். கம்பிக் கட்டின் மேல் சாதாரணச் சில்லை ஒட்டினால் படிக்காது. அதற்கென்று செய்த தடித்த சில்லு வேண்டும், அதற்கு விலை கூடுதல். நெருக்கமாக அடுக்கிய குவியலின் நடுவில் இருக்கிற மூட்டையைக் கருவி தவறவிடலாம். 200க்கு 193 என்று கருவி சொன்னால், குறைந்த ஏழும் திருட்டா, அலை எட்டவில்லையா என்று மறுபடியும் கையால்தான் எண்ண வேண்டும். உப்புக் காற்றில் தராசின் தட்டே துருப்பிடிக்கிற ஊரில், பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற கருவி எத்தனை நாள் உழைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதில் வெளிநாட்டுப் பாடம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 2003 ஜூனில் ஓர் ஆணை போட்டது. தனக்குச் சரக்குத் தருகிற முதல் 100 பெரிய நிறுவனங்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பலகை அடுக்குகளிலும் சில்லு ஒட்ட வேண்டும் என்றது. செலவு தருகிறவர் தலையில்; லாபத்தில் பெரும் பங்கு வாங்குகிறவருக்கு. அதே குழுமத்தின் சாம்ஸ் கிளப் 2008ல், சில்லு இல்லாத ஒவ்வொரு பலகை அடுக்குக்கும் 2 டாலர் பிடிப்போம் என்று சொல்லி, மறு ஆண்டே அதை 12 சென்ட்டாகக் குறைத்தது. பெரிய பெரிய கம்பெனிகளே இழுத்துப் பறித்த ஏற்பாடு அது. நாளைக்கு ஒரு பெரிய கட்டுமான நிறுவனமோ சிமெண்ட் நிறுவனமோ நம்மிடம், "சில்லு வைத்தால்தான் சரக்கு" என்று சொன்னால், அந்தச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

திரும்பி வரும் பொருள், திரும்பாத பொருள்

அப்படியானால் சில்லே வேண்டாமா? அப்படியும் நாம் சொல்லவில்லை. நம் கடைகளில் இருக்கிற பொருள்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் விடை தானே வருகிறது.

அரிசி, சிமெண்ட், ஆணி, கம்பி ஆகியவை ஒரு முறை வெளியே போனால் திரும்பாதவை. இவற்றுக்குச் சில்லு வீண். லோடுக்கு ஓர் அச்சுச் சீட்டு, அதில் கைப்பேசி படிக்கிற கியூ.ஆர். கட்டம் ஒன்று இருந்தால் போதும். மூட்டையின் மேலேயே அது எந்த வாரம், எந்த ஆண்டு அடைத்தது என்று ஆலை அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்து லோடு வாரியாகப் பிரித்து அடுக்கி, முதலில் வந்ததை முதலில் கொடுத்தாலே முக்கால் பங்கு வம்பு தீர்ந்துவிடும். சுண்ணக்கட்டியால் அடுக்கின் மேல் தேதி எழுதி வைக்க என்ன செலவாகும்? மேலே சொன்ன 14 மூட்டைக் கதையில், நாம் அன்றைக்கு அதைச் செய்திருந்தால் அந்த வீட்டு வாசலில் தலை குனிந்திருக்க வேண்டியதில்லை. தவறு நம் பக்கமும் இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறோம்.

2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அன்றைக்கு நம்மில் எத்தனை பேரால் இருப்பை உடனே சொல்ல முடிந்தது? சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் விற்கிற மளிகைக்காரருக்கும் அதே நாள்தான் 18 சதவீதம் 5 ஆயிற்று. லோடு வாரியாகக் கணக்கு வைத்தவர் நிம்மதியாகத் தூங்கினார்; மற்றவர் இரவெல்லாம் மூட்டை எண்ணினார்.

இன்னொரு வகை திரும்பி வரும் பொருள்கள். வாடகைக்கு விடுகிற சென்ட்ரிங் தகடு, முட்டுக் குழாய், சாரக் குழாய், கலவை இயந்திரம். மீன் ஏற்றுகிற பிளாஸ்டிக் பெட்டி, ஐஸ் பெட்டி. வாடகைப் பாத்திரக் கடையின் அண்டாவும் குண்டானும். இவற்றில்தான் நம் ஊரில் ஓயாத தகராறு. 40 தகடு போனது, 37 வந்தது. "அது என் தகடு இல்லை, அடுத்த கடைக்காரர் தகடு" என்பார்கள். பெயின்ட் அடித்த அடையாளம் சிமெண்ட்டில் மறைந்துவிடும். இங்கே ஒரு சில்லுக்கு ஐம்பது, நூறு ரூபாய் ஆனாலும் கட்டும். ஏனென்றால் அந்தச் சில்லும் தகட்டோடு திரும்பி வருகிறது. ஒரு தகடு பல ஆண்டு பல வீட்டுக்குப் போய் வருகிறது. காணாமல் போகிற ஒரு தகட்டின் விலையில் எத்தனை சில்லு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கருவிக்கும் பயப்பட வேண்டாம். மிக அருகில் வைத்துப் படிக்கிற ஒரு வகைச் சில்லு இருக்கிறது, என்.எப்.சி. வசதி உள்ள கைப்பேசியே அதைப் படித்துவிடும். தகட்டைப் போல ஒவ்வொன்றாகக் கை மாறுகிற பொருளுக்கு அது போதும். இரும்பின் மேல் ஒட்டுவதற்கென்று செய்ததா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும். கட்டுக்கட்டாகப் பெட்டி இறங்குகிற இடத்துக்குத் தூரத்திலிருந்து படிக்கிற கருவி வேண்டுமென்றால், தனித்தனியாக வாங்காமல் சங்கத்தின் பெயரில் ஒன்று வாங்கி முறை வைத்துக் கொள்ளலாம்.

முறை என்றால் நம் ஊருக்குப் புதிதா? கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் பாடு முறை வைத்து, இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடுவது என்று தலைமுறை தலைமுறையாகப் பிரித்துக் கொள்கிறார்களே. எந்தக் கருவியும் இல்லாமல் அந்தக் கணக்கு ஊருக்கெல்லாம் தெரிகிறது. ஊர் கூடி வைத்த கணக்கு என்பதால் ஊரே அதற்குக் கட்டுப்படுகிறது. சில்லுக் கணக்கும் அப்படி இருந்தால்தான் நிற்கும். ஒரு கடைக்காரர் மட்டும் வைத்தால் அது அவர் கணக்கு. எல்லோரும் ஒப்புக் கொண்டு வைத்தால் அது வழக்கைத் தீர்க்கிற கணக்கு.

நாம் கேட்க வேண்டியவை

சங்கம் இதில் ஒரு நிலை எடுக்க வேண்டும். நம் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒன்று: சிமெண்ட் நிறுவனங்களும் மொத்த வியாபாரிகளும் ஒவ்வொரு லோடோடும், அடைத்த வாரம் குறித்த சீட்டு ஒன்று தர வேண்டும். ஆலை வாசலில் அவர்களிடம் இருக்கிற விவரத்தைக் கடைசிக் கடைக்கும் அனுப்புவதில் அவர்களுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இரண்டு: நாம் விற்காத வசதிக்கு நாம் விலை கொடுக்க முடியாது. சில்லு வேண்டும் என்று கேட்கிற பெரிய நிறுவனம் அதன் விலையை ஏற்க வேண்டும்.

மூன்று: நம் கருவியில் பதிவாகிற விவரம் நம்முடையது. எந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை, என்ன விலை, எத்தனை நாள் பாக்கி என்பது நம் பேரேட்டின் ரகசியம். கருவியை மலிவாகத் தருகிறேன் என்று வந்து, அந்த விவரத்தை நாளைக்கு நமக்குப் போட்டியாகக் கடை போடுகிறவரிடம் விற்கிற ஏற்பாட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்து.

நான்கு: வாடகைத் தகடு, மீன் பெட்டி இவற்றில் நம் உறுப்பினர் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பருவம் சோதித்துப் பார்க்கட்டும். எத்தனை சில்லு உதிர்ந்தது, எத்தனை தகராறு குறைந்தது, என்ன செலவு என்று ஒளிக்காமல் இந்த இதழில் எழுதட்டும். அதைப் பார்த்துவிட்டு மற்றவர் முடிவு செய்வோம்.

ஐந்து: சில்லு வருகிறதோ இல்லையோ, இந்த வாரமே ஒவ்வொரு கொட்டகையிலும் லோடு வாரியாக அடுக்கித் தேதி எழுதுவோம். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைத் தளத்துக்கும் தூணுக்கும் விற்பதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் போடுவோம்.

படியும் வீசையும் போய் 1958 முதல் கிலோவும் கிராமும் வந்தபோது, வியாபாரம் கெட்டுவிடும் என்று நம் பெரியவர்கள் பயந்தார்கள். கெடவில்லை. அளவு மாறியது, வியாபாரம் வளர்ந்தது. அதற்கும் முன்பு, 1613ல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் தங்கள் கம்பெனியின் சின்னத்தைப் பொறித்துத்தான் வாணிபம் செய்தார்கள். சரக்குக்கு அடையாளம் வைப்பது இந்தக் கரைக்குப் பழைய வழக்கம். அடையாளம் அன்றைக்கு மை, நேற்று பெயின்ட், நாளைக்குச் சில்லு.

ஆனால் சில்லுக்குத் தெரிந்தது ஓர் எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு எதிரே எந்தத் தேதியை எழுதுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. பொய்த் தேதி எழுதினால் சில்லும் பொய்தான் சொல்லும். அந்த அம்மாள் தன் தலைக்கு மேல் நிற்கப் போகிற தளத்தை நம்பி ஒப்படைத்தது நம்மிடம். அந்த நாணயம் நம்மிடம் இருந்தால் சுண்ணக்கட்டியும் வேலை செய்யும், சில்லும் வேலை செய்யும். அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் கொட்டகையில் இருக்கிற மிகப் பழைய மூட்டையின் தேதியைக் குறித்துக் கொண்டு வரும்படி அன்போடு கேட்டுக் கொள்கிறோம். நம் கொட்டகையின் தேதியை முதலில் நாமே படிக்கிறோம்.